டேப்பை எப்போது நகர்த்தக் கூடாது?

டெஸ்க்டாப் மென்பொருளில் டேப்பை இழுத்து இடம் மாற்றும் வசதியை முதலில் ஜாவா ஸ்விங்கில் எழுதினேன், பிறகு க்யூட்டியில். நகர்த்துவதற்கான நிரல் சில வரிகள்தான். எப்போது நகர்த்தக் கூடாது என்று முடிவெடுக்கும் வரிகள்தான் வளர்ந்துகொண்டே போகும்.

பயனர் கிளிக் செய்கிறாரா, இழுக்கிறாரா? மவுஸை அழுத்தும்போது யார் கையும் அசையாமல் நிற்பதில்லை. அந்தச் சிறு அசைவைப் பொறுத்துக்கொள்ள விண்டோஸ் 4 பிக்சலும் க்யூட்டி 10 பிக்சலும் இயல்பாக ஒதுக்குகின்றன. நாமாக ஓர் எண்ணை எழுதிவைக்காமல் சிஸ்டத்தைக் கேட்டு வாங்குவதே நல்லது. கை நடுக்கம் உள்ள ஒருவர் அந்த அளவைக் கூட்டி வைத்திருக்கலாம். டேப்பைத் தேர்வு செய்வதை மட்டும் அழுத்திய உடனேயே செய்துவிடுங்கள். விரலை எடுக்கும்வரை காத்திருந்தால் மென்பொருளே மந்தமாகத் தோன்றும். மூடும் பட்டன் மேல் அழுத்தினால் இழுவை தொடங்கவே கூடாது.

உண்மையான தலைவலி அகலம் வேறுபடும் டேப்கள். ‘கர்சர் எந்த டேப் மேல் இருக்கிறதோ அதோடு இடம் மாற்று’ என்பதுதான் முதலில் தோன்றும் விதி. இழுப்பது 80 பிக்சல், வலப்பக்கம் இருப்பது 240 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். கர்சர் பெரிய டேப்பின் ஓரத்தைத் தொட்டதும் இரண்டும் இடம் மாறும். ஆனால் மாறிய பிறகும் கர்சருக்குக் கீழே இருப்பது அதே பெரிய டேப்தான்! மவுஸ் இம்மி அசைந்தால் மறுபடி மாறும், அடுத்த அசைவில் திரும்பவும். டேப்கள் பேய் பிடித்ததுபோல் துடிக்கும்.

தீர்வு, கர்சரை மறந்துவிட்டு இழுபடும் டேப்பின் விளிம்பைப் பார்ப்பது. வலப்பக்கம் போகும்போது அதன் வலது விளிம்பு பக்கத்து டேப்பின் நடுப்புள்ளியைத் தாண்டினால் மட்டும் மாற்றுங்கள்; இடப்பக்கம் போகும்போது இதேபோல் இடது விளிம்பைப் பாருங்கள். சிறிய டேப் 0-இல் தொடங்குகிறது என்றால், மேலே சொன்ன கணக்கில் அந்த நடுப்புள்ளி 200. அப்போது இடது விளிம்பு 120-இல் இருக்கும். பெரிய டேப் இடப்பக்கம் வந்தபின் அதன் நடுப்புள்ளியும் 120. ஆக, பயனர் உண்மையிலேயே பின்னோக்கி இழுத்தால்தான் மீண்டும் மாறும். எந்த அகலத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்துகிறது. காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் ஆச்சரியம்தான்.

ஸ்விங்கின் டேப் பலகத்தில் ‘நகர்த்து’ என்ற கட்டளை கிடையாது. நீக்கிவிட்டுப் புதிய இடத்தில் செருக வேண்டும். நீக்கியதும் பின்னால் இருப்பவற்றின் வரிசை எண் ஒன்று குறையும் என்பது எளிதில் பிடிபடும். பிடிபடாதது, தேர்வில் இருந்த டேப்பை நீக்கும்போது ‘தேர்வு மாறியது’ என்ற அறிவிப்பு கிளம்புவது. அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் நிரல் கோப்பைச் சேமிக்கலாம், வேறு பக்கத்தை ஏற்றலாம். நகர்த்தல் முடியும்வரை அந்த அறிவிப்பைப் புறக்கணிக்க ஒரு கொடி வையுங்கள். ஐகான், டூல்டிப், தலைப்பில் நாம் பொருத்திய பட்டன் எல்லாவற்றையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். க்யூட்டி 4.5 முதல் டேப் பட்டையே இந்த வேலையைச் செய்துகொள்கிறது. எதில் எழுதினாலும் ஆவணத்தை வரிசை எண்ணோடு கட்டாமல் தனி அடையாளத்தோடு கட்டுவதே என் வழக்கம்.

இழுவை பாதியில் நின்றுபோகவும் செய்யும். எஸ்கேப் அழுத்தலாம், ஆல்ட்-டேப் போட்டு வேறு மென்பொருளுக்குத் தாவலாம். தொடங்கும்போதே பழைய வரிசையைக் குறித்துவைத்தால் திருப்பி வைப்பது சுலபம்.

டேப்பைத் தனி விண்டோவாகப் பிய்த்தெடுக்கும் வசதியை, கேட்காதவர்களுக்கு நான் தருவதில்லை. கை சற்று மேலே கீழே போனாலும் பிய்ந்துவிடும் என்பதால் செங்குத்துத் திசையில் தாராளமான இடைவெளி வேண்டும். க்யூட்டியில் ஓப்பன்ஜிஎல் விட்ஜெட் வேறு விண்டோவுக்குப் போனால் இயல்பாக அதன் வரைகலைச் சூழலே அழிந்து புதிதாக உருவாகும். லினக்ஸின் வேலேண்ட் திரை அமைப்பிலோ, திரையில் தன் விண்டோ எங்கே இருக்கிறது என்பதுகூட மென்பொருளுக்குத் தெரியாது.

இழுக்கவே முடியாதவர்களும் இருக்கிறார்கள். 2023-இல் வெளியான அணுகல்தன்மை வழிகாட்டியான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2, இழுத்துச் செய்யும் வேலைக்கு இழுக்காமல் செய்யும் வழியும் வேண்டும் என்கிறது. இணையத்துக்கான விதிதான், ஆனாலும் டெஸ்க்டாப்பிலும் பின்பற்றுகிறேன். வலது கிளிக் மெனுவில் ‘இடப்பக்கம் நகர்த்து’, ‘வலப்பக்கம் நகர்த்து’. விசைப்பலகையில் ஃபயர்ஃபாக்ஸ் போலவே கன்ட்ரோல், ஷிஃப்ட்டோடு பேஜ்அப், பேஜ்டவுன். மவுஸ், மெனு, விசை மூன்றும் ஒரே நகர்த்தல் ஃபங்ஷனைத்தான் அழைக்கும். தானியங்கிச் சோதனைகளும் அதையே அழைப்பதால், வரிசை குழம்பினால் பிழை நகர்த்தலிலா இழுவையிலா என்று உடனே தெரிந்துவிடுகிறது.