ஒரு கணினியில் இரண்டு பணிசெயல் முறைமைகள்

எங்கள் வீட்டில் இருப்பது ஒரேயொரு மடிக்கணினி. வாப்பாவின் கடைக் கணக்கு, ராத்தாவின் ஒப்படைகள், எனது உயர்தரப் பாடக் குறிப்புகள் எல்லாம் அதற்குள்தான். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கு வழக்கமாக வந்த பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் நின்றன. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி எங்கள் பழைய கணினியில் இல்லை. புதியது வாங்கவும் வசதியில்லை. முழுவதும் லினக்ஸுக்கு மாறலாம் என்றால், வாப்பாவின் கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டுமே இயங்கும். ஆகவே இரண்டையும் வைத்துக்கொள்ள முடிவு செய்தேன்.

இது புதிய விடயமன்று. 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியதே லினக்ஸ். 2011இல் தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய இலவச மடிக்கணினிகளில் விண்டோஸும், இந்தியாவில் உருவான பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. கணினியைத் திறக்கும்போது இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்கிறோம். ஒரு நேரத்தில் ஒன்றே இயங்குவதால் மற்றொன்று வேகத்தைக் குறைப்பதில்லை. வன்தட்டில் இடத்தை மட்டும் பிடிக்கும்.

நான் செய்த ஒழுங்கு இது:

1. முக்கிய கோப்புகள் அனைத்தையும் வேறொரு வன்தட்டில் பிரதி செய்து, திறந்தும் பார்த்தேன்.

2. விண்டோஸின் ‘விரைவுத் தொடக்கம்’ வசதியை நிறுத்தினேன். அது இயங்கினால் விண்டோஸ் முழுமையாக மூடப்படாது. லினக்ஸிலிருந்து அதன் கோப்புகளைத் தொடுவது ஆபத்து.

3. விண்டோஸுக்குள்ளேயே வன்தட்டைச் சுருக்கி 40 ஜிபி வெற்றிடம் ஒதுக்கினேன். லினக்ஸ் மின்டுக்குக் குறைந்தது 20 ஜிபி போதும்.

4. சுமார் 3 ஜிபி அளவான மின்ட் கோப்பைத் தரவிறக்கிப் பென்ட்ரைவில் ஏற்றினேன். நிறுவாமலே அதிலிருந்து இயக்கி, வைஃபை, ஒலி, விசைப்பலகை சரியா என்று பார்த்தேன்.

5. மின்னேற்றத்தை நிறைத்துக்கொண்டு நிறுவத் தொடங்கினேன். லுணுகலையில் மழை இருட்டினாலே மின்சாரம் போய்விடுமோ என்ற பயம் வரும்; நிறுவும்போது இடையில் கணினி அணையக் கூடாது.

அந்த இடத்தில்தான் ஒரு தவறு நேரவிருந்தது. ‘வட்டை அழித்து நிறுவுக’ என்பதில் அம்புக்குறியை வைத்துவிட்டேன். “கொஞ்சம் நில்லு, வாசிச்சுப் பாரு!” என்று ராத்தா கையைப் பிடித்தார். அழுத்தியிருந்தால் விண்டோஸும் வாப்பாவின் மென்பொருளும் போயிருக்கும். தெரிவு செய்ய வேண்டியது ‘விண்டோஸுடன் சேர்த்து நிறுவுக’ என்பதையே.

மறுநாள் இரவு ஒன்பது மணிக்கு வாப்பா விண்டோஸைத் திறந்தார். “மகள், இதுல பின்னேரம் மூன்றரை காட்டுதே!” என்றார். லினக்ஸ் கணினியின் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாக வாசிக்கிறது. இலங்கை நேரம் ஐந்தரை மணித்தியாலம் முன்னே இருப்பதால் வந்த வித்தியாசம் அது. கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தையே வைக்கும்படி லினக்ஸில் ஒரு கட்டளை கொடுத்ததும் சரியானது.

இப்போது இணையம், மின்னஞ்சல், ஒப்படை எல்லாம் லினக்ஸில். இந்த மின்ட் 22க்கு 2029 வரை இற்றைப்படுத்தல் உண்டு. இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு, கடைக் கணக்கை மட்டும் விண்டோஸில் பார்க்கிறோம்.

தோழியரே, செய்து பாருங்கள். ஆனால் முதலாவது படியை முடிக்காமல் மற்றவற்றைத் தொடாதீர்கள். பெற்றோரே, பிள்ளை நிறுவும்போது பக்கத்தில் ஒருவர் இருந்து திரையை வாசியுங்கள். எங்கள் வீட்டில் கணினியைக் காப்பாற்றியது அதுதான்.