திருமலை நாயக்கர் மகால்

சேலம், நாமக்கல் வட்டாரங்களில் வாழ்வோர்க்குக் கல் மிகப் பழகிய பொருள். தாரமங்கலத்துக் கைலாசநாதர் கோயிலில் கெட்டி முதலியார்கள் செய்வித்த சிற்பங்களும், நாமக்கல் பாறைமேல் நிற்கும் கோட்டையும், சங்ககிரித் துருக்கமும் கல்லின் பெருமையையே பேசுவன. அக்கெட்டி முதலியார்கள் மதுரை நாயக்க மன்னர்க்கு அடங்கி இப்பகுதியை ஆண்டவர்கள். அவர்தம் மன்னரோ, தமக்கென எடுப்பித்த மாளிகையில் கல்லை உள்ளே மறைத்துச் செங்கல்லையும் சுண்ணாம்பையும் முன் நிறுத்தினார்.

அம்மன்னர் திருமலை நாயக்கர். 1623 முதல் 1659 வரை அரசு புரிந்தவர். திருச்சிராப்பள்ளியில் இருந்த தலைநகரை மதுரைக்கு மாற்றிக்கொண்ட அவர், 1636-இல் இம்மகாலைக் கட்டுவித்தார். அதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகட்கு முன்பே, இத்தாலி நாட்டுப் பிளாரன்சு நகரில் மெடிசி என்னும் வணிகக் குடும்பத்தார், மைக்கலோசோ என்ற சிற்பியைக் கொண்டு 1444-இல் ஒரு நகர மாளிகையைத் தொடங்கினர். நடுவே திறந்த முற்றம். சுற்றிலும் உருண்ட தூண்கள். அவற்றை இணைக்கும் வளைவுகள். மதுரை மகாலின் முற்றத்தில் நிற்பவர்க்கும் இதே அமைப்புத் தோன்றும். அதனாற்போலும், இத்தாலியர் ஒருவர் இதற்கு வரைபடம் வகுத்தார் என்னும் செய்தி மக்களிடையே வழங்கி வருகிறது. ஆயினும், இதழ் இதழாக மடிந்த வளைவுகளில் வடநாட்டு இசுலாமியக் கட்டடங்களின் சாயல் உண்டு. யாளிகளும் சுதை உருவங்களும் தமிழ்நாட்டுக் கோயில்களில் கண்டவையே. ஒரு நாட்டுக்கு மட்டும் உரிமையாக்கி விடக்கூடிய கட்டடமன்று இது.

முற்றத்தைச் சூழ்ந்த தூண்கள் 40 அடிக்குக் குறையாத உயரமுடையவை; ஒருவர் கட்டித் தழுவ இயலாத பருமன் கொண்டவை. சுண்ணாம்பை நன்கு அரைத்து, முட்டையின் வெண்கருவும் சேர்த்துப் பூசி மெருகேற்றினர் என்பர். மேலைப்புறத்தில் உள்ள சொர்க்க விலாசமே மன்னர் கொலு வீற்றிருந்த மண்டபம். அதன் எண்கோணக் குவிமாடம் ஏறத்தாழ 60 அடி அகலமுடையது. தாங்குவதற்கு உத்தரம் ஒன்றேனும் இல்லை. கல் உத்தரம் நீண்டால் தன் பாரத்தாலேயே முறியும். ஆகவே கோயில் மண்டபங்களில் தூண்கள் நெருங்கி நிற்கின்றன. வளைவோ, பாரத்தை இருபுறமும் பகிர்ந்து தூண்களின் வழியே தரைக்கு அனுப்பி விடுகிறது. அவ்வாறே குவிமாடமும் தன் சுமையைச் சுற்றுச்சுவர்க்குப் பிரித்துத் தருகிறது. இத்துணைப் பெரிய வெற்றிடம் அங்கே கிடைத்த வகை இதுதான்.

இன்று நாம் காண்பது பழைய மாளிகையின் நான்கில் ஒரு பகுதி என்பர். எஞ்சியவற்றை அழித்தவர் பகைவர் அல்லர். திருமலை நாயக்கரின் பேரராகிய சொக்கநாத நாயக்கரே தலைநகரை மீண்டும் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டு சென்றபோது, அங்கே அரண்மனை எழுப்ப வேண்டி, இங்கிருந்த மரத்தையும் கல்லையும் பெயர்த்துச் சென்றார். பாட்டனார் கட்டிய வீடு பேரனுக்குச் சரக்குக் கிடங்காயிற்று! அதன்பின் மகால் நெடுநாள் கேட்பாரற்றுச் சிதைந்தது.

சென்னை ஆளுநராக 1866 முதல் 1872 வரை இருந்த நேப்பியர் பிரபு இதனைக் கண்டு, இடிந்தவற்றைச் செப்பனிடச் செய்தார். பின்னர், 1970 வரை மாவட்ட நீதிமன்றம் இங்கு நடைபெற்றது. மன்னர் வழக்குக் கேட்ட கூடத்தில் வக்கீல்கள் வாதாடினர். மக்கள் நடமாட்டம் ஓயாதிருந்ததும் கட்டடத்துக்கு ஒருவகைக் காவலே எனலாம். இப்போது இது தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. மன்னர் வரலாற்றைக் கூறும் ஒலி ஒளிக் காட்சி 1981-இல் தொடங்கப் பெற்றது.

மகாலின் பழைய எல்லையை அறிய விரும்புவோர் சற்று வெளியே நடத்தல் வேண்டும். துணிக்கடைகள் மலிந்த குறுகிய தெரு ஒன்றில், கூரையும் சுவரும் இன்றிப் பத்துப் பெருந்தூண்கள் தனித்து நிற்கின்றன. அவற்றால் அவ்விடத்துக்குப் பத்துத்தூண் என்றே பெயர் வழங்குகிறது.