தலைமைப் பயிற்சி: அளவு ஜாக்கெட் யாருடையது?



தையல்காரரிடம் துணியோடு அளவு ஜாக்கெட்டும் கொடுக்கிறோம். பக்கத்து வீட்டு அக்காவின் ஜாக்கெட்டைக் கொடுத்தால்? துணியும் தையலும் நன்றாக இருந்தாலும் நமக்குப் பொருந்தாது. குழுவை நடத்தும் முறையும் அப்படித்தான்.

வங்கதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் 1976-ல் பேராசிரியர் முகமது யூனுஸ் ஏழைகளுக்குச் சிறுகடன் கொடுக்கத் தொடங்கினார். 1983-ல் அது கிராமீன் வங்கி ஆனது. ஐந்து பேர் ஒரு குழு. அப்போது முதலில் இருவருக்குக் கடன் கொடுத்தார்கள். அவர்கள் ஒழுங்காகக் கட்டினால் அடுத்த இருவருக்கு. தலைவிக்குக் கடைசியில்தான்! எல்லோரும் ஒரே ஊர். யாருக்கு உண்மையான கஷ்டம், யார் சாக்குச் சொல்கிறார் என்பது தலைவிக்குத் தெரியும்.

இதே முறையை 1988-ல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் தொடங்கினார்கள். அங்கே வீடுகள் தூரதூரமாக இருந்தன. குழுவில் பலர் முன்பின் பழகாதவர்கள். அடுத்தவர் கடனுக்குப் பொறுப்பேற்கத் தயங்கினார்கள். பெரிய கடைகளுக்கு நடுவே சிறுதொழில் நடத்துவதும் சிரமம். பின்னாளில் குழுக்கடனையே கைவிட்டார்கள். அந்த மக்களிடம் திறமை இல்லையா? அப்படியில்லை. முறைக்கு அடித்தளமாக இருந்த ஊர்ப்பழக்கம் அங்கே இல்லை.

நாங்களும் ஒருமுறை இப்படித் தப்புப் பண்ணினோம். வெளிநாட்டுக் கையேட்டைப் பார்த்து, ஊக்குநரின் குறைகளை நேருக்கு நேர் சொல்லுங்கள் என்றோம். குழுவில் எல்லோரும் சித்தி, மதினி, சம்பந்தி உறவு. யார் வாய் திறப்பார்? பேச்செல்லாம் பிறகு குழாயடியில்தான் நடந்தது. ஊக்குநர் மனம் நொந்து இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை.

பிறகு முறையை மாற்றினோம். ஆளைப் பற்றிப் பேசவில்லை. பாஸ்புக்கையும் தீர்மான நோட்டையும் சத்தமாக வாசித்தோம். "இந்த ஐந்நூறு ரூபாய் எதுக்குங்க?" என்று ஒருவர் கேட்டார். ஊக்குநர் ரசீதைக் காட்டினார். சந்தேகமும் தீர்ந்தது, உறவும் கெடவில்லை.

ஒன்றை மறக்க வேண்டாம். "எங்க ஊர் வழக்கம் இதுதான்" என்று சொல்லி ஒருவரே பத்து வருஷம் ஊக்குநராக இருப்பது சரியல்ல. கணக்கு எல்லோருக்கும் தெரிய வேண்டும், பொறுப்பு மாறி மாறி வர வேண்டும். இவை எந்த ஊருக்கும் பொருந்தும். செய்யும் விதத்தை மட்டும் நம் அளவுக்கு வெட்டித் தைத்துக்கொள்வோம்.

கூட்டத்தில் பேச:
1. நம் குழுவில் கேள்வி கேட்க யாருக்குத் தயக்கம்? ஏன்?
2. கடைசியாக ஊக்குநரை மாற்றியது எப்போது?
3. போன பயிற்சியில் கற்றதில் நமக்கு ஒத்துவராதது எது? அதை எப்படி மாற்றலாம்?