கந்தையும் கருவூலமே

நுழையும்முன்

கிழிந்த துணியைக் கழித்துவிட்டுப் புதியதை வாங்குதல் இன்று எளிது. எனினும், முன்னோர் தம் கையால் தைத்த போர்வை கிழிந்தால் அதற்கு ஈடாக எதனை வாங்க இயலும்? குடும்பத்தின் ஆவணமாகிவிட்ட பொருளைச் செப்பனிடுவதற்கு அறிவும் பொறுமையும் தேவை. வங்கத்துக் காந்தாப் போர்வையை முன்வைத்து இதனை விளக்குகிறது இப்பாடம்.

பழந்துணியின் மறுபிறவி

'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்பது நம் பழமொழி. நாம் வழங்கும் கந்தை என்னும் சொல்லுக்கும், ஒட்டுத்துணியைக் குறிக்கும் 'கந்தா' என்னும் வடசொல்லுக்கும் உறவுண்டு. அவ்வடசொல்லின் வழிவந்த பெயரே காந்தா. மேற்கு வங்கத்திலும் வங்காளதேசத்திலும் பெண்கள், உடுத்துத் தேய்ந்த பருத்திச் சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஊசியை மேலும் கீழுமாகச் செலுத்தும் ஓட்டுத்தையலால் இணைத்துப் போர்வையாக்கினர். பழஞ்சேலைகளின் கரையிலிருந்து உருவிய வண்ண நூல்களே தையல் நூலாயின. நடுவே தாமரை மலர்ந்தது. சுற்றிலும் மரமும் பறவையும் படகும் உருப்பெற்றன.

வீட்டுவேலை முடிந்த பொழுதுகளில் தைக்கப்பட்ட இப்போர்வைகளில் பெரும்பாலானவற்றைத் தைத்தவர் யாரென அறியோம். 19ஆம் நூற்றாண்டில் மானதாசுந்தரி என்னும் பெண், தம் தந்தைக்காகத் தைத்த காந்தாவில் தம் பெயரையும் எழுத்தாகத் தைத்துள்ளார். அது கொல்கத்தாவின் குருசதய் அருங்காட்சியகச் சேகரிப்பில் இடம்பெற்றது. பெயர் எழுதாத பெண்களுக்கோ அவர்தம் தையலே கையொப்பம். ஒருவர் தையல் நெருக்கமாக ஓடும். மற்றொருவர் தையல் சற்றே சாய்ந்து செல்லும்.

சிதைவின் காரணங்கள்

வெயில் நூலின் வலிமையைக் குறைக்கிறது. ஈரம் பூஞ்சையை வளர்க்கிறது. ஒரே மடிப்பில் நெடுங்காலம் கிடந்தால் மடிப்புக்கோட்டில் துணி நைந்து பிளக்கிறது. துணியில் தங்கிய கஞ்சியை நாடி இராமபாணப் பூச்சி வருகிறது. இரும்புக் கலப்பால் ஏற்றிய பழங்காலக் கருஞ்சாயம் காலப்போக்கில் நூலையே அரிக்கிறது. எனவே, ஊசியை எடுக்குமுன் கிழிசலின் காரணத்தைக் காணவேண்டும். காரணம் நீங்காவிடில், தைத்த இடத்தின் அருகிலேயே மீண்டும் கிழியும்.

செப்பனிடும் முறை

முதலில் போர்வையை விரித்து ஒளிப்படம் எடுத்துக்கொள்ளுதல் நன்று. துவைக்க எண்ணினால், நனைத்த வெண்துணியை ஒவ்வொரு வண்ணத்தின் மீதும் மெல்ல ஒற்றிப் பார்க்கவேண்டும். சாயம் ஒட்டினால் துவைத்தல் ஆகாது. ஒட்டாவிடினும், வலைத்துணியின் மேல் கிடத்தி மென்மையான சோப்பு நீரில் அலசி, பிழியாமல் நிழலில் பரப்பி உலர்த்துதலே தக்கது.

ஒட்டுப்போடுவதற்குப் புதுத்துணி பொருந்தாது. அது நனைந்தால் சுருங்கி, பழந்துணியை இழுத்துக் கிழிக்கும். பலமுறை துவைத்து மெலிந்த பருத்தித்துணியே ஏற்றது. அதனைக் கிழிசலைவிட அகலமாக வெட்டி, அடுக்குகளுக்கிடையே செருகி, நைந்த விளிம்பில் அன்றி உறுதியான இடத்தில் தைக்கவேண்டும். நூலும் துணியைவிட வலியதாக இருத்தல் கூடாது. வலிய நூல் அறுபடாது; துணியைத்தான் அறுக்கும். மென்னூல் கொண்டு, இறுக்காமல் தைத்தால், பின்னாளில் அதனைத் துணிக்கு ஊறின்றிப் பிரிக்கவும் இயலும். பசை இட்டு ஒட்டினாலோ மீளவழி இல்லை.

எதனை விட்டுவைப்பது?

இங்கே ஒரு கடினமான வினா எழுகிறது. போர்வை முழுவதையும் புதுத்துணியால் மூடித் தைத்துவிட்டால் இன்னும் பல்லாண்டு போர்த்திக்கொள்ளலாம். ஆயின், பாட்டியின் தையல் மறைந்துபோகும். தொடாமலே பெட்டியில் வைத்தால் தையல் எஞ்சும்; ஆனால், பேரக்குழந்தைகள் அதன் வெம்மையை அறியமாட்டார். இவ்விரண்டும் இழப்பே. நைந்தவற்றைத் தாங்கச்செய்து, எஞ்சிய பழந்தையலை அப்படியே விடுவது நடுவழி. கோணிய தையலை நேராக்கவோ மங்கிய மலரைப் புதுநூலால் மூடவோ முயலுதல் கூடாது. அக்கோணல், முதுமையில் தளர்ந்த விரல்களின் பதிவாகவும் இருக்கக்கூடும்.

செப்பனிடுதல் வேறு, புதுப்பித்தல் வேறு. புதுப்பிப்பவர் தம் திறனைக் காட்டுகிறார். செப்பனிடுபவர் பிறர் திறனைக் காக்கிறார். நம் வீட்டுப் பெட்டியின் அடியிலும் பழஞ்சேலையில் தைத்த குழந்தை விரிப்பு ஒன்று இருக்கலாம். தைத்தவர் உயிருடன் இருக்கையிலேயே அதன் கதையைக் கேட்டு எழுதிவைப்போம். நூலால் தைக்க இயலாத கிழிசல் மறதி ஒன்றே.

தெரிந்து தெளிவோம்

வங்கக் கவிஞர் ஜசிமுத்தீன் 1929இல் வெளியிட்ட 'நக்சி காந்தார் மாட்' என்னும் கதைப்பாடலின் நாயகி, தன் வாழ்வின் துயரைக் காந்தாவில் தைக்கிறாள்.

சொற்பொருள்

கந்தை – கிழிந்த துணி. கருவூலம் – செல்வம் சேர்த்துவைக்கும் இடம். ஊறு – தீங்கு

இலக்கணக்குறிப்பு

தைத்தவர் – வினையாலணையும் பெயர். மென்னூல் – பண்புத்தொகை. நைந்து – வினையெச்சம்

கற்பவை கற்றபின்

உங்கள் வீட்டிலுள்ள பழங்கைவினைப் பொருள் ஒன்றின் வரலாற்றைப் பெரியோரிடம் கேட்டுக் கட்டுரையாக்குக.

நம்மை அளவிடுவோம்

1. காந்தா என்பது யாது? (குறுவினா)
2. ஒட்டுப்போடப் புதுத்துணியும் வலிய நூலும் பொருந்தாமைக்குக் காரணம் தருக. (சிறுவினா)
3. 'செப்பனிடுதல் வேறு; புதுப்பித்தல் வேறு' – இக்கூற்றை நீவிர் ஏற்கின்றீரா? காரணங்களுடன் விளக்குக. (நெடுவினா)