புது மோட்டார், பழைய தவறுகள்
பயனீட்டாளர் கேள்வி–பதில்

பெஸ்தாரி ஜெயா வாசகர்: புதிதாக வாங்கிய கப்சாய் மோட்டார் இரண்டு மாதத்தில் மூன்று முறை நடுவழியில் நின்றுவிட்டது, மூன்று முறையும் கடையில் விட்டு எடுத்தாயிற்று. வேறு மோட்டார் கேட்டால், கம்பெனி வாரண்டியில் பழுதுபார்ப்பு மட்டும்தான் உண்டு என்கிறார் கடைக்காரர். இது சரியா?

பதில்: சரியன்று. வாரண்டி என்பது உற்பத்தியாளர் தாமாக முன்வந்து தரும் உறுதிமொழி. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமோ, விற்பவர் வாய் திறந்தாலும் திறக்காவிட்டாலும் ஒவ்வொரு விற்பனையோடும் தாமே ஒட்டிக்கொள்ளும் உத்தரவாதங்களை வகுத்திருக்கிறது. அவற்றுள் முதன்மையானது 32-ஆம் பிரிவு கூறும் ‘ஏற்கத்தக்க தரம்’: அவ்வகைப் பொருள் வழக்கமாக எதற்காக வாங்கப்படுகிறதோ அதற்கு உதவுவது, சிறு குறைகளும் இல்லாதிருப்பது, பாதுகாப்பாக இருப்பது, நீடித்து உழைப்பது ஆகிய அனைத்தும் சேர்ந்ததே அத்தரம்.

குறை தீர்க்கக்கூடியதாக இருந்தால், அதைத் தீர்க்க விற்பவருக்கு முதலில் வாய்ப்பளிக்க வேண்டும். பழுதுபார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்பதை அந்தக் கட்டத்தில் அவரே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அவர் மறுத்தாலோ, நியாயமான காலத்துக்குள் செய்து முடிக்கத் தவறினாலோ, தேர்வு வாங்கியவரின் கைக்கு மாறுகிறது. அப்போது அவர் வேறிடத்தில் பழுதுபார்த்துச் செலவைக் கேட்கலாம், அல்லது மோட்டாரையே நிராகரிக்கலாம். நிராகரித்தல் என்பது கோபத்தில் வண்டியைக் கடை வாசலில் போட்டுவிட்டு வருவதன்று. ‘இன்ன காரணத்தால் இதை நிராகரிக்கிறேன்’ என விற்பவருக்குத் தெரிவித்துப் பொருளைத் திருப்பி ஒப்படைப்பதே சட்டம் கருதும் நிராகரிப்பு. அதன்பின் பணமாகவோ, அதே வகையைச் சேர்ந்த வேறு மோட்டாராகவோ கேட்கும் உரிமை வாங்கியவருடையது. நியாயமான காலம் கடந்தால் அவ்வுரிமை தேய்ந்துபோகும் என்பதால், நான்காவது முறை நிற்கட்டும் எனக் காத்திருப்பது அறிவுடைமை ஆகாது.

இது ஏட்டுச் சுரைக்காயும் அன்று. பலமுறை பழுதுபார்த்தும் கோளாறு தீராத ஒரு புதிய சொகுசுக் கார் குறித்த புஞ்சாக் நியாகா எதிர் என்.இசட். வீல்ஸ் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வாங்கியவர் பக்கமே நின்றது. அத்தீர்ப்பு 2012-ஆம் ஆண்டு மலாயன் லா ஜர்னலில் வெளியானது. சொகுசுக் காருக்குப் பொருந்தும் 32-ஆம் பிரிவு கப்சாய்க்கும் அதே பிரிவுதான்.

கோலசிலாங்கூர் வாசகர்: ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என ரசீதிலேயே அச்சிட்டிருக்கிறதே?

பதில்: அச்சடித்த செலவு கடைக்காரருடையது, சட்டத்தின் உத்தரவாதங்களை ஒப்பந்த வாசகத்தால் விலக்க முடியாது என 6-ஆம் பிரிவு கூறிவிட்டது.

தஞ்சோங் காராங் வாசகர்: வீட்டுக்கு வந்தபின் மோட்டாரின் சிவப்பு நிறம் பிடிக்கவில்லை. மாற்றித் தருவார்களா?

பதில்: மாட்டார்கள். மனமாற்றம் பழுதன்று.

ஈஜோக் வாசகர்: வாங்கிய மூன்றாம் நாளே முன் பிரேக் பிடிக்கவில்லை. வேலைக்குப் போக வேறு வழியில்லாததால் பின் பிரேக்கை வைத்துச் சமாளித்து ஓட்டிவருகிறேன். கடையில் என்ன கேட்க வேண்டும்?

பதில்: கடைக்குப் போகுமுன் செய்ய வேண்டியது, ஓட்டுவதை இன்றே நிறுத்துவது. பாதுகாப்பற்ற குறையை 44-ஆம் பிரிவு ‘பெருங்குறை’ என வகைப்படுத்துகிறது. அதாவது, பழுதுபார்க்க மீண்டும் மீண்டும் வாய்ப்பளிக்காமல் உடனே நிராகரிக்க இடமளிக்கும் குறை. அத்தகைய உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு லாரிகள் பறக்கும் சாலையில் பின் பிரேக்கை நம்பிப் போவது, உயிரையும் வழக்கையும் ஒருசேரப் பணயம் வைப்பதாகும். விழுந்து அடிபட்டால் அந்தக் காயத்துக்கான இழப்பீட்டைப் பயனீட்டாளர் நடுவர் மன்றம் விசாரிக்கவும் இயலாது. அக்கோரிக்கை நீதிமன்றத்துக்கே போக வேண்டும்.

ஜெராம் வாசகர்: மோட்டார் தவணையில் வாங்கியது. பழுது தீரும்வரை மாதத் தவணையை நிறுத்திவிடலாமா? அல்லது மோட்டாரைக் கடன் கொடுத்த நிறுவனத்திடமே ஒப்படைத்துவிடலாமா?

பதில்: இரண்டும் கூடாது. 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி, கடைசித் தவணை கட்டி முடியும்வரை மோட்டாரின் உரிமையாளர் கடன் கொடுத்த நிறுவனமே; வாங்கியவர் சட்டத்தின் பார்வையில் வாடகைக்கு எடுத்தவர். தொடர்ந்து இரண்டு தவணைகள் தவறினால், நிறுவனம் 21 நாள் அறிவிப்பு அனுப்பி வண்டியை இழுத்துக்கொண்டு போக வழி பிறக்கிறது. பழுதைப் பற்றிய முறையீடு அங்கே அடிபட்டுப் போகும். தாமாகவே ஒப்படைப்பது இன்னும் பெரிய பொறி: அது நிராகரிப்பாகக் கணக்கில் வராமல் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்வதாகவே கருதப்படும், வண்டியின் மதிப்பு நிலுவைக்குப் போதாவிட்டால் மீதிச் சுமை வாங்கியவர் தலையிலேயே விழும். தவணையைக் கட்டிக்கொண்டே கடைக்கும் நிறுவனத்துக்கும் ஒரே நாளில் எழுத்துமூலம் முறையிடுவதே முறை; புதிய பொருள் விற்பனைக்குரிய தரத்தில் இருக்க வேண்டும் என்ற பொறுப்பை அதே சட்டத்தின் 7-ஆம் பிரிவு அந்நிறுவனத்தின் மீதும் சுமத்துகிறது.

தோட்டத்து வாசகர் ஒருவர்: செம்மண் பாதையில் ஓட்டியதால்தான் கெட்டது என்று கடையில் சொல்கிறார்கள்.

பதில்: நான்கு பக்கமும் செம்பனை சூழ்ந்த ஊரில் கடை வைத்திருப்பவர், தம்மிடம் வாங்கப்படும் கப்சாய் செம்மண்ணை மிதிக்கும் என்பது தெரியாது எனச் சொல்வது எடுபடாது, அவ்வகை மோட்டார் வழக்கமாக எதற்காக வாங்கப்படுகிறது என்பதே சட்டத்தின் அளவுகோல். ஆனால் ஒரு செம்பனைக் குலையே 10 முதல் 25 கிலோ எடை இருக்கும் என்பதை அறிந்தும் பின்புறக் கூடையில் குலைகளை அடுக்கி ஓட்டியிருந்தால், அல்லது எக்சாஸ்டை மாற்றி ஊரையே எழுப்பிக்கொண்டு போயிருந்தால், முறையற்ற பயன்பாடு எனக் கடைக்காரர் வாதிடுவதற்கான ஆதாரத்தை வாங்கியவரே தயாரித்துக் கொடுத்ததாகிவிடும்.

பெஸ்தாரி ஜெயாவுக்குப் பத்தாங் பெர்ஜுந்தை என்ற பழைய பெயரையே விரும்பும் வாசகர்: ‘புதியது’ என விற்ற மோட்டாரின் மீட்டர், எடுத்த அன்றே 640 கிலோமீட்டர் காட்டியது.

பதில்: பொருள் அதன் விவரிப்போடு ஒத்துப்போக வேண்டும் என்பது 34-ஆம் பிரிவு. வாசகரின் ஊருக்கு அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் இந்நாட்டின் முதல் வணிகமுறைச் செம்பனை நடவு நிகழ்ந்தது; பெயரில் தென்னை, மண்ணில் செம்பனை. தோட்டத்தின் பெயருக்குப் பொறுத்தருளப்படும் அந்த முரண், ரசீதில் எழுதப்பட்ட ‘புதியது’ என்ற சொல்லுக்குப் பொறுத்தருளப்படுவதில்லை.

புக்கிட் ரோத்தான் வாசகர்: கடைக்காரர் அப்பா காலத்திலிருந்து பழக்கம். நான்கு முறை வண்டியை விட்டு எடுத்தும் ஒரு சீட்டும் வாங்கவில்லை. கேட்டால் மனம் நோகுமே என்றுதான். இப்போது அவர், வண்டி ஒரு முறைதான் வந்தது என்கிறார்.

பதில்: இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி இக்கடிதத்தின் மறுபதிப்பே. தோட்டத்து மளிகைக்கடைப் புத்தகத்தில் கடன் எழுதிய தலைமுறை, எழுதியவரின் நாணயத்தை நம்பி வாழ்ந்தது. அந்தப் புத்தகம் எப்போதும் கடைக்காரரின் மேசைக்குள்தான் இருந்தது, வாங்கியவர் கையில் ஒரு தாளும் இருந்ததில்லை என்பதை மட்டும் அத்தலைமுறை மறந்துவிட்டது. அதே பழக்கம் மோட்டார் கடைக்கும் வந்து, ‘வண்டியை விட்டுட்டுப் போங்க, சாயங்காலம் பார்க்கலாம்’ என்ற ஒரு வாக்கியத்தோடு முடிகிறது. நியாயமான காலம், மீண்டும் மீண்டும் தோற்ற பழுதுபார்ப்பு, குறை தெரிந்த நாள், மறுப்பு எனச் சட்டம் கேட்பவை அனைத்தும் தேதிகள். தேதிக்கு நினைவு சாட்சியாகாது, தாள்தான் சாட்சியாகும்.

ஒவ்வொரு முறையும் வேலைச்சீட்டு, அதாவது வண்டியை விட்ட நாள், மீட்டர் அளவு, சொல்லப்பட்ட குறை, மாற்றிய உதிரி, எடுத்த நாள் ஆகியவை எழுதிய கடைச் சீட்டு, கைக்கு வந்தாக வேண்டும். தர மறுத்தால், அன்றிரவே அதே விவரங்களை வாட்சாப்பில் கடைக்காரருக்கு மரியாதையாக எழுதி அனுப்பினால், அதுவே தேதியிட்ட பதிவாகும். இதில் நோவதற்கு ஒன்றுமில்லை. நல்ல கடைக்காரரைச் சீட்டு பாதுகாக்கிறது; மற்றவர் நொந்துகொள்வதானால், நொந்துகொள்ளட்டும். இக்கடிதத்துக்குரியவர், நான்கு முறை வண்டியை விட்ட நாள்களை வேலை விடுப்பு, தொலைபேசி அழைப்பு, நண்பருக்கு அனுப்பிய குறுஞ்செய்தி ஆகியவற்றைக் கொண்டு இன்றே மீட்டெடுத்து எழுதத் தொடங்கலாம், முழுதும் கைநழுவிவிடவில்லை.

சபாக் பெர்ணம் வாசகர்: நடுவர் மன்றம் என்றால் வழக்கறிஞர், செலவு, அலைச்சல் என்று பயமாக இருக்கிறது.

பதில்: அஞ்ச வேண்டியதில்லை. உள்நாட்டு வாணிப அமைச்சின் கீழ் இயங்கும் இந்த நடுவர் மன்றம், சாதாரண மக்கள் தாமே பேசி நியாயம் கேட்பதற்காக அமைக்கப்பட்டது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட், கோரக்கூடிய தொகையின் உச்சவரம்பு 2019 முதல் 50,000 ரிங்கிட். விசாரணையில் வழக்கறிஞர்களுக்கு இடமில்லாததால், எதிர்ப்பக்கத்தில் பெரிய கம்பெனி இருந்தாலும் அதன் ஊழியர்தான் வந்து பேச வேண்டும். குறை எழுந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். தீர்ப்பை மதிக்காமலிருப்பது குற்றமாகும்.

சிகிஞ்சான் வாசகர்: ‘எலுமிச்சைச் சட்டம்’ என்று செய்திகளில் அடிபடுகிறதே, அது என்ன? புது மோட்டாரின் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியும் எங்கள் வண்டி நின்றுதான் போகிறது.

பதில்: மீண்டும் மீண்டும் பழுதாகும் வாகனத்தை ஆங்கில வணிகப் பேச்சு எலுமிச்சை என்கிறது; அத்தகைய பொருளை வாங்கியவரைக் காக்கும் விதிகளுக்கு அப்பெயர் வந்தது. சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பிலுள்ள அவ்விதிகளின்படி, பொருள் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் தெரியும் குறை, கொடுத்த நாளிலேயே இருந்ததாக முதலில் கருதப்படும்; இல்லை என மெய்ப்பிப்பது கடைக்காரரின் பொறுப்பு. மலேசியாவின் 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படியொரு சலுகை எழுதப்படவில்லை; குறை இருந்தது என மெய்ப்பிக்கும் சுமை வாங்கியவருடையது. ஆகவே பூஜை முடிந்து எலுமிச்சை நசுங்கிய அதே நிமிடத்தில், மீட்டர் அளவையும் தேதியையும் படம் பிடித்து ரசீதோடு சேர்த்து வைப்பது நலம். சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாலும் சட்டத்துக்கு ஆட்சேபம் இல்லை.