ஆறாத புண்ணை ஆறப்போடாதீர்கள்

நம்பிக்கை: தோல் புற்றுநோய் வெள்ளைக்காரர்களுக்கு வருவது. நம் நிறத்துக்கு வராது.

இது பாதி உண்மை. அதனால்தான் ஆபத்தும் கூட. தோலுக்கு நிறம் தரும் மெலனின் வெயிலின் புற ஊதாக் கதிர்களைப் பெருமளவு தடுத்துவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் மூன்றில் இரண்டு பேருக்கு 70 வயதுக்குள் ஏதோ ஒரு வகைத் தோல் புற்றுநோய் வருகிறது. நம்மிடையே அது அபூர்வம். ஆனால் எல்லாத் தோல் புற்றுநோய்க்கும் வெயில் காரணமில்லை. மாநிறமும் கறுப்புமான தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா என்ற வகைத் தோல் புற்று வந்தால், பெரும்பாலும் வெயிலே படாத உள்ளங்காலிலோ உள்ளங்கையிலோ நகத்துக்கு அடியிலோதான் வருகிறது. யாரும் தினமும் திருப்பிப் பார்க்காத இடங்கள்.

ஜமைக்காவின் பாடகர் பாப் மார்லிக்கு வந்தது இந்த வகைதான். வலது காலின் பெருவிரல் நகத்தடியில் இருந்ததைக் கால்பந்து ஆடியபோது பட்ட அடி என்றே முதலில் நினைத்தார்கள். 1977இல் மெலனோமா என்று தெரிந்தது. விரலை எடுத்துவிடலாம் என்றார்கள் மருத்துவர்கள். ராஸ்டஃபாரி என்ற சமய நெறியில் ஊறிய அவர் உடலின் உறுப்பை வெட்டச் சம்மதிக்கவில்லை. நகத்தையும் அதனடித் திசுவையும் மட்டும் அகற்றித் தோல் ஒட்டினார்கள். மறுபடியும் மேடையேறினார். 1980 செப்டம்பரில் நியூயார்க்கில் ஓட்டப் பயிற்சியின்போது சுருண்டு விழுந்தார். அதற்குள் நோய் மூளை வரை போயிருந்தது. 1981 மே 11 அன்று இறந்தபோது வயது 36. விரலை எடுத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் பிழைக்க இருந்த பெரிய வாய்ப்பு அதுதான்.

நம்பிக்கை: நகம் கறுத்தால் அடிபட்டிருக்கும். இல்லையென்றால் நகச்சுத்து.

பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். பிரித்தறிய ஒரு வழி உண்டு. அடிபட்டுக் கட்டிய ரத்தம் நகம் வளர வளர முன்னால் நகர்ந்து, கடைசியில் வெட்டும் நகத்தோடு போய்விடும். கால் பெருவிரலில் இதற்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். ஆனால் சில வாரங்களிலேயே கறுப்புக்குப் பின்னால் தெளிந்த நகம் முளைப்பது தெரியும். நகராமல் அடியிலிருந்து நுனிவரை கோடாக நிற்கும் கறுப்பு, அதிலும் ஒரே விரலில் புதிதாக வந்து அகலமாகிக்கொண்டே போகும் கறுப்பு, நகத்தைச் சுற்றிய தோலுக்கும் பரவும் கறுப்பு — இவற்றுக்கு மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

நம்பிக்கை: உள்ளங்காலில் மச்சம் இருந்தால் யோகம்.

பிறந்ததிலிருந்து மாறாமல் இருக்கும் மச்சத்தைப் பற்றி ஜோசியர் என்ன சொன்னாலும் மருத்துவருக்கு ஆட்சேபம் இல்லை. நாற்பது, ஐம்பது வயதில் உள்ளங்காலில் புதிதாக ஒரு கறுப்பு வந்து, ஓரம் கோணலாகி, ஒரே மச்சத்துக்குள் இரண்டு மூன்று நிறம் காட்டினால் அது யோகமல்ல.

நம்பிக்கை: பல வருஷத்துப் புண், வலியே இல்லை. இனிமேலா புற்றாகப் போகிறது?

நம் ஊருக்கு மிகவும் பொருந்துவது இதுதான். சின்ன வயதில் கொதிநீர் கொட்டியோ அடுப்புத் தீயிலோ வெந்த இடம். தழும்பாகி, அடிக்கடி வெடித்து, ஆறி, மறுபடி வெடித்து... இப்படியே இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து அந்தத் தழும்பிலேயே புற்று வைக்கலாம். 19ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு அறுவை மருத்துவர் மார்ஜோலின் பெயரால் இதை மார்ஜோலின் புண் என்கிறார்கள். தொழுநோயால் மரத்துப்போன பாதங்களில் ஆண்டுக்கணக்கில் இருக்கும் குழிப்புண்ணிலும் இது வருவதுண்டு. காஷ்மீரில் குளிருக்காக ஆடைக்குள் வைத்துக்கொள்ளும் கங்ரி என்ற நெருப்புச் சட்டியால், சூடு தொடர்ந்து பட்ட தொடையிலும் வயிற்றிலும் புற்று வருவது மருத்துவ நூல்களில் தனிப்பெயரோடு இருக்கிறது. இடுப்பில் வேட்டியையோ சேலையையோ ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டி, அங்கே தோல் தடித்து, புண்ணாகி, புற்றானதையும் இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இவை அரிதே. பயந்து வேட்டியை அவிழ்க்க வேண்டியதில்லை.

வலி இல்லை என்பதற்கு இங்கே மதிப்பே கிடையாது. தோல் புற்று தொடக்கத்தில் வலிப்பதில்லை. மரத்துப்போன காலில் கேட்கவே வேண்டாம். பார்க்க வேண்டியது வேறு. புண்ணின் விளிம்பு தடித்துச் சுருண்டு எழும்புகிறதா, தொட்டால் ரத்தம் கசிகிறதா, நாற்றம் மாறியிருக்கிறதா, நடுவில் சதை காலிஃபிளவர் போல் வளர்கிறதா? அப்படியானால் ஆயின்மென்ட்டை மாற்றிப் பயனில்லை. சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை: உங்கள் கால் புண்களில் மிகப் பெரும்பாலானவை புற்று அல்ல. ஆனாலும் மூன்று மாதமாகச் சரியாகக் கட்டுப்போட்டும் ஆறாத புண்ணைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பலாமா என்று மருத்துவரிடம் நீங்களே கேட்கலாம்.

நம்பிக்கை: தோலில்தானே இருக்கிறது, உள்ளே போகாது.

வகையைப் பொறுத்தது. அடித்தளச் செல் புற்று வேறு உறுப்புகளுக்குப் பரவுவது மிக அரிது. அதனால் ஆளைக் கொல்வது அபூர்வம். ஆனால் விட்டுவைத்தால் இமையை, மூக்கை, காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று எலும்பு வரை போகும். நம்மவர்களிடம் இது பெரும்பாலும் கறுப்பாக இருப்பதால் மச்சம் என்றே விட்டுவிடுகிறார்கள். செதிள் செல் புற்று பரவக்கூடியது. தழும்பிலும் பழைய புண்ணிலும் வருவது இன்னும் முரட்டுத்தனமானது. காலில் புண் இருக்க, தொடை இடுக்கில் நெறி கட்டிக் கல்லாக நின்றால் பரவத் தொடங்கியிருக்கலாம்.

மெலனோமாவில் கணக்கு மில்லிமீட்டரில். 1970இல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற அமெரிக்க நோயியல் மருத்துவர் காட்டிய அளவுகோல் இன்றும் நிற்கிறது: கட்டி எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை வைத்தே சிகிச்சையை முடிவு செய்கிறார்கள். ஒரு மில்லிமீட்டருக்குள் என்றால், சுற்றியுள்ள கொஞ்சம் தோலோடு வெட்டி எடுத்தாலே பெரும்பாலோர் குணமாகிவிடுவார்கள். நுரையீரல், கல்லீரல், மூளை என்று போய்விட்டால் புதிய மருந்துகள் வந்த பிறகும் நிலைமை கடினம்தான்.

நம்பிக்கை: கத்தி பட்டால் புற்று பரவும்.

படித்தவர்களும் சொல்வது. கத்தி படுவதால் பரவுவதில்லை. கத்தி படாமல் விட்ட மாதங்களில்தான் பரவுகிறது. முற்றிய நிலையில் அறுவை செய்து, பிறகு நோயாளி இறந்துபோனால், பழி கத்தியின்மேல் விழுகிறது. திசுப் பரிசோதனை என்பது மரத்துப்போக ஊசி போட்டுச் சிறு துணுக்கை எடுப்பது. அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். சுண்ணாம்பு வைத்து மச்சத்தைப் பொசுக்குவதும், மருவை முடியால் கட்டி அறுப்பதும்தான் கெடுதல்: மேலே உதிர்ந்துவிடும், அடியில் இருப்பது தொடரும், ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பவும் எதுவும் மிஞ்சாது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு உண்டு. தமிழ்நாட்டு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையும் அடக்கம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் உள்ளங்காலையும் நகங்களையும் ஒருமுறை வெளிச்சத்தில் பாருங்கள். அவர்களாகக் குனிந்து பார்க்க முடியாது.