சிக்னல் முழுசா இருக்கு, போன் போகலையே!

கேள்வி: ஆடி அமாவாசையன்று அக்னி தீர்த்தக் கரையில் சிக்னல் முழுக்கோடு காட்டுகிறது. போன் மட்டும் போகமாட்டேன் என்கிறது. இந்த நெரிசலை முதன்முதலில் கணக்குப் போட்டது யார்?
*(வாசகர், ராமேஸ்வரம்)*

பதில்: அலை எவ்வளவு பலமாக வருகிறது என்பதைத்தான் கோடு காட்டும். இடம் காலியா என்று காட்டாது. கணக்குப் போட்டவர் டென்மார்க்கின் ஏ.கே.எர்லாங். கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்த்தவர். முதல் கட்டுரை 1909-ல், பெயர் வாங்கித் தந்த சூத்திரம் 1917-ல். எல்லாம் கம்பிப் போன் காலம்!

ஓர் இணைப்பு ஒரு மணி நேரம் முழுக்கப் பேச்சில் இருந்தால் 1 எர்லாங். மணிக்கு 20 பேர், ஆளுக்கு 3 நிமிடம் என்றால் மொத்தம் 60 நிமிடம். ஒரே இணைப்பு போதும் என்று தோன்றும். போதாது. கோயிலில் 22 தீர்த்தம் ஆட நிற்பதுபோல் அழைப்புகள் வரிசையில் வருவதில்லை. நினைத்த நேரத்தில் வந்து முட்டிக்கொள்ளும். எர்லாங் கணக்குப்படி பாதிப் பேருக்கு 'பிஸி'தான். இணைப்பை இரண்டாக்கினால் ஐந்தில் ஒன்று தவறும். ஐந்தாக்கினால் ஆயிரத்துக்கு மூன்றுதான். அமாவாசையன்று ஆட்கள் பல மடங்கு, டவரின் கொள்ளளவோ அதேதான்.

கேள்வி: ராமேஸ்வரத்தில்தான் 323 மீட்டர் உயர டிவி கோபுரம் நிற்கிறதே? அதன் உச்சியில் ஓர் ஆன்டெனா வைத்தால் தீவு முழுக்கப் போதாதா?
*(வாசகர், பாம்பன்)*

பதில்: டிவி எல்லோருக்கும் ஒரே படத்தைக் காட்டுகிறது. போனில் ஆளாளுக்குத் தனிப் பேச்சு. ஒரே ஆன்டெனா என்றால், ஒருவருக்குக் கொடுத்த அலைவரிசை அவர் பேசி முடிக்கும்வரை தீவில் வேறு யாருக்கும் கிடையாது.

இதற்கு வழி சொன்னவர் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்து டி.எச்.ரிங். 1947-ல் அவர் எழுதிய குறிப்பின் சாரம்: ஊரை அறுகோணக் கட்டங்களாகப் பிரி, கட்டத்துக்கு ஒரு நிலையம் வை, சற்றுத் தள்ளியுள்ள கட்டத்தில் அதே அலைவரிசையை மறுபடி கொடு. அந்தக் கட்டம்தான் 'செல்'. தேனடையின் அறைக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர். ஆக, கூட்டம் பெருகினால் கோபுரத்தை உயர்த்திப் பயனில்லை. தாழ்வாக, நெருக்கமாக நட வேண்டும்.

கேள்வி: இந்த ஆராய்ச்சியில் தமிழர் பங்கு உண்டா?
*(வாசகர், தங்கச்சிமடம்)*

பதில்: பெரிய பங்கு! அலைவரிசையின் அகலமும் இரைச்சலும் சேர்ந்து வேகத்துக்கு ஓர் உச்சவரம்பு வைக்கின்றன என்று 1948-ல் கிளாட் ஷானன் நிறுவினார். அதே அலைவரிசையில் பல பாதைகள் திறந்தவர் பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். இந்தியக் கடற்படையில் சோனார் கருவி உருவாக்கியவர், பிறகு ஸ்டான்ஃபோர்டு போனார். இரு பக்கமும் பல ஆன்டெனா வைத்து, சுவரில் மோதிச் சிதறும் அலைகளையே தனித்தனிப் பாதைகளாக்கும் யோசனை 1992-ல் பிறந்தது. அதுதான் 'மைமோ'. தாமஸ் கைலாத்துடன் 1994-ல் காப்புரிமை, 2014-ல் மார்க்கோனி பரிசு. இன்றைய 4ஜி, 5ஜி, வைஃபை எல்லாம் அந்த வழியில் போகின்றன.

வேடிக்கை என்னவென்றால், கடைத்தெருவின் சந்துபொந்துதான் மைமோவுக்குத் தோது. கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர்தான் என்றால் அலை மோதிச் சிதறச் சுவர் ஏது? கடலில் பழகியவரின் கண்டுபிடிப்பு, கரையேறியவர்களுக்குத்தான் அதிகம் கைகொடுக்கிறது!